ஃப்ரிட்ஜ் ஓவரா சத்தம் போடுதா? எந்த மாதிரி சத்தம்னு கேட்டு அங்க கை வைங்க

ஃப்ரிட்ஜ் சத்தம் போட ஆரம்பிச்சா நிறைய வீட்ல நடக்கறது இதுதான், மெக்கானிக் வருவார், பின்னாடி எட்டிப் பாப்பார், "கேஸ் கம்மியா இருக்கு சார், ஃபில் பண்ணிடலாம்"ம்பார், இல்லன்னா "கம்ப்ரஸர் போச்சு"ம்பார். ரெண்டுமே ஆயிரக்கணக்குல செலவு வைக்கற வேலை. கேஸ் குறைஞ்சா முதல்ல அடிவாங்கறது கூலிங். ஐஸ் நல்லா உறையுது, பால் கெட்டுப்போகல, சத்தம் மட்டும்தான் தொல்லைன்னா அதுக்காக கேஸ் ஏத்த வேண்டிய அவசியமே இல்ல. யாருக்கும் காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ் பக்கத்துல நின்னு காது குடுத்து கேளுங்க, ஏன்னா நிறைய சத்தம் மெஷினுக்குள்ளருந்து வர்றதே இல்ல, அது மேல வச்சது, கீழ போட்டது, பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கறது, இதுலருந்துதான் வருது.

முதல்ல இடத்தையும் நேரத்தையும் பிடிங்க

உங்களோடது சிங்கிள் டோரா, டபுள் டோரா? சாதாரண சிங்கிள் டோர்ல, அதாவது ஐஸ் கட்டினா பட்டன் அமுக்கி டீஃப்ராஸ்ட் பண்றோமே அந்த டைப்ல, ஓடற பொருள் ஒண்ணே ஒண்ணுதான், பின்னாடி கீழ இருக்கற கம்ப்ரஸர், மோட்டார்னு சொல்றதும் இதத்தான். ஃப்ராஸ்ட் ஃப்ரீ டபுள் டோர்ல அது போக ஃபிரீசருக்குள்ள பின்பக்கம் ஒரு ஃபேன் இருக்கும், சில பெரிய மாடல்ல கம்ப்ரஸர் பக்கத்துலயும் இன்னொரு ஃபேன். சத்தம் முன்னாடியா பின்னாடியா, மேலயா கீழயா, இவ்வளவு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது. நியூஸ்பேப்பர் ஒண்ண குழாயா சுருட்டி ஒரு முனைய காதுல வச்சு இன்னொரு முனைய ஃப்ரிட்ஜ் ஓரமா நகத்திக்கிட்டே போங்க, இடம் நல்லா தெரியும். ராத்திரி பண்ணா இன்னும் சுலபம், சீலிங் ஃபேன், டிவி எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு கேளுங்க.

ஒரே ஒரு ஜாக்கிரதை, பின்பக்கம் உள்ள கைய விடறதுக்கு முன்னாடி பிளக்க பிடுங்கிடுங்க. சுவிட்ச் ஆஃப் பண்ணா மட்டும் போதாது. கம்ப்ரஸர் மேல் மூடி தொட்டா சுடற அளவுக்கு சூடா இருக்கும், அது நார்மல்தான், ஆனா கை சுட்டுரும்.

கடகடன்னு, கிண்கிண்ணுன்னு அதிருது

அதிகமா வர்ற கம்ப்ளெயிண்ட் இது, அதிகமா நம்ம கையாலயே தீர்ற கம்ப்ளெயிண்ட்டும் இதுதான்.

ஃப்ரிட்ஜ் மேல என்னென்ன இருக்குன்னு பாருங்க. மாத்திரை டப்பா, மிக்ஸி ஜாரு, ஸ்டெபிலைசர், கல்யாணத்துல குடுத்த எவர்சில்வர் தட்டு, கரண்ட் பில் எல்லாம் அங்கதான இருக்கும். எல்லாத்தையும் எறக்கிட்டு மோட்டார் ஓடறப்போ கேளுங்க. அப்புறம் கதவத் திறந்து உள்ள பாருங்க, சாம்பார் இருக்கற எவர்சில்வர் டபராவும் பக்கத்துல தயிர் பாத்திரமும் ஒண்ண ஒண்ணு உரசிட்டு நிக்கும், கதவுல வரிசையா கண்ணாடி பாட்டில் இருக்கும், மோட்டார் ஓடற அத்தனை நேரமும் அதுங்க மெல்லிசா கிணுகிணுத்துட்டே இருக்கும். விரல் இடைவெளி விட்டு நகத்தி வைங்க. கண்ணாடி ஷெல்ஃப் அதோட பள்ளத்துல சரியா உக்காரலன்னாலும் அதிரும், ஒரு தடவை தூக்கி ஒழுங்கா பொருத்துங்க.

அதுலயும் போகலன்னா பின்பக்கம். கம்ப்ரஸர் மேல ஒரு பிளாஸ்டிக் டிரே இருக்கும், ஃபிரீசர்ல உருகற தண்ணி குழாய் வழியா வந்து இதுலதான் சேரும், கம்ப்ரஸர் சூட்டுல ஆவியாகும். இந்த டிரே லூசா உக்காந்துருந்தா மோட்டார் ஓடறப்போலாம் தடதடன்னு அடிக்கும். எங்க சொந்தத்துல ஒருத்தர் வீட்ல கம்ப்ரஸர மாத்தியே ஆகணும்னு மெக்கானிக் சொல்லிட்டுப் போயிருந்தாரு, டிரேவ கழட்டி வச்சுட்டு மோட்டார ஓட விட்டதும் சத்தம் அப்படியே நின்னுபோச்சு. டிரேல ஒரு காது உடைஞ்சிருந்துச்சு, அவ்வளவுதான். அடியில ரெண்டு சின்ன ரப்பர் துண்டு குடுத்து மாட்டினதுல சரியாயிடுச்சு. செலவுன்னு எதுவும் இல்ல.

டிரேவ கழட்டும்போது கழுவாம மாட்டாதீங்க. டெங்கு பரப்பற ஏடிஸ் கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை போடும், அதுக்கு இந்த டிரே ரொம்ப தோதான இடம். டெங்கு சீசன்ல வீட்டுக்கு வர்ற சுகாதாரப் பணியாளர்கள் "ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி பாக்கணும்"னு கேக்கறது அதனாலதான். முட்டை கொசுவாகறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் போதும், வாரம் ஒருக்கா தண்ணிய கொட்டி தேச்சு கழுவிட்டா சத்தமும் இல்ல கொசுவும் இல்ல.

அங்கயே டார்ச் அடிச்சு இன்னொண்ணும் பாருங்க. கம்ப்ரஸர்லருந்து மெல்லிசா செப்புக் குழாய் ரெண்டு மூணு வளைஞ்சு போகும். அதுல ஏதாவது ஒண்ணு பாடி தகட்டையோ இன்னொரு குழாயையோ லேசா தொட்டுட்டு இருந்தா ஸ்ஸ்ர்ர்ர்னு ஒரு கூர்மையான அதிர்வு வரும், இரும்பு வண்டு கத்தறாப்பல கேக்கும். கண்டுபிடிக்கறதுக்கு மட்டும் மோட்டார் ஓடிட்டு இருக்கும்போதே ஒரு காஞ்ச மரக்குச்சியால குழாய மெல்ல தொட்டு அமுக்குங்க, சத்தம் டப்புன்னு நின்னா அந்த இடம்தான். அப்புறம் பிளக்க பிடுங்கி, ஆறினதும், தொடற இடத்துல ஒரு ரப்பர் துண்டையோ கொஞ்சம் ஃபோமையோ செருகுங்க. குழாய பலமா வளைக்காதீங்க, அது கீறல் விட்டுச்சுன்னா கேஸ் முழுசா போயிடும், அப்ப நெஜமாவே ஆயிரக்கணக்குல செலவுதான். பின்னாடி அட்டையோ தகடோ மூடி இருந்தா அதோட ஸ்க்ரூவையும் டைட் பண்ணிடுங்க.

உர்ர்ர்னு வீடே அதிருது, பெட்ரூம் வரைக்கும் கேக்குது

நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதுல சாதாரண கம்ப்ரஸர் மோட்டார் நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 2,900 சுத்து சுத்தும். அந்த அதிர்வு கம்மிதான், ஆனா அது எதுல ஏறுதோ அது பெருசாக்கிடும். அதனால இங்க கம்ப்ரஸர விட ஃப்ரிட்ஜ் நிக்கற இடத்தப் பாக்கணும்.

முதல் சந்தேகம் ஸ்டாண்டு மேல. சக்கரம் வச்ச பிளாஸ்டிக் ஸ்டாண்டு நம்ம ஊர்ல வாங்காத வீடே இல்ல, கூட்டறதுக்கு நகத்தறதுக்கு வசதி. ஆனா ஒரு சக்கரம் தேஞ்சிருந்தாலோ, ஸ்டாண்டு நடுவுல தொய்ஞ்சிருந்தாலோ ஃப்ரிட்ஜ் மூணு கால்லதான் நிக்கும். ஃப்ரிட்ஜோட மேல் மூலைய கையால மெல்ல தள்ளிப் பாருங்க, ஆடுதுன்னா அதுதான் காரணம். ரெண்டு பேரா தூக்கி ஸ்டாண்ட எடுத்துட்டு நேரா தரையில வச்சு ஒரு ராத்திரி கேளுங்க, நிறைய பேருக்கு இதோட கதை முடிஞ்சுரும். தண்ணி ஊத்தி கழுவற வீடு, ஸ்டாண்டு கண்டிப்பா வேணும்னா சக்கரம் இல்லாத இரும்பு ஸ்டாண்டு, அதுக்கு கீழ வாஷிங் மெஷினுக்கு விக்கற கெட்டி ரப்பர் பேட் நாலு. அட்டைய மடிச்சு வைக்காதீங்க, ஒரு மாசத்துல நசுங்கி மறுபடி ஆடும்.

அடுத்து லெவல். கொத்தனார் வச்சிருக்கற ரசமட்டம் கிடைச்சா நல்லது, இல்லன்னா போன்லயே லெவல் பாக்கற ஆப் இருக்கு. பக்கவாட்டுல சமமா இருக்கணும், முன்பக்கம் மட்டும் ஒரு நூல் ரெண்டு நூல் தூக்கலா இருக்கணும், அப்பதான் கதவு தானா மூடும். முன்னாடி ரெண்டு காலும் திருகு டைப்தான், ஒருத்தர் ஃப்ரிட்ஜ லேசா பின்னாடி சாய்ச்சுப் பிடிச்சா இன்னொருத்தர் கையாலயே திருகிடலாம்.

தரையையும் தட்டிப் பாருங்க. டைல்ஸ் போட்ட வீடுகள்ல சிமெண்ட் சரியா பிடிக்காத டைல்ஸ் பொள்ளலா இருக்கும், காசால தட்டினா டொக்கு டொக்குன்னு கேக்கும், ஃப்ரிட்ஜ் கால் அது மேல நின்னா சத்தம் கூடத்தான் செய்யும். அரை அடி நகத்தி கெட்டியான டைல்ஸ் மேல வைங்க.

அப்புறம் சுவரு. ஃப்ரிட்ஜ மூலையில முட்டுக்குடுத்து, ஒரு பக்கம் சுவரு, ஒரு பக்கம் கப்போர்டு, மேல லாஃப்ட், இப்படி பெட்டிக்குள்ள அடைச்சா சத்தம் வெளிய வர்றப்போ பெருசாதான் வரும், சூடும் வெளிய போகாது. மாடுலர் கிச்சன் போடறவங்க ஃப்ரிட்ஜ் அளவ டேப் வச்சு அளந்து அதே அளவுக்கு பெட்டி அடிச்சு குடுத்துடறாங்க, ரொம்ப தப்பு. பக்கத்துக்கு ரெண்டு இஞ்ச், பின்னாடி நாலு இஞ்ச் காத்துப் போக்கு விடுங்க, உங்க மாடலோட புக்ல இதுக்கு மேல சொல்லியிருந்தா அதப் பாருங்க. இடம் மாத்த வாய்ப்பு இருந்தா பெட்ரூமோட பொதுச் சுவரை விட்டு எதிர்ப்பக்கம் வைங்க. கைக்குழந்தை, வயசானவங்க தூங்கற ரூமா இருந்தா இத முதல் வேலையா செய்யுங்க, தூக்கம் கெடறது சின்ன விஷயம் இல்ல.

இதெல்லாம் சரியா இருந்தும் உறுமல் போகலன்னா கம்ப்ரஸர் கால்ல இருக்கற ரப்பர் புஷ். நாலு இருக்கும், பத்து வருஷம் ஓடின ஃப்ரிட்ஜ்ல அது கல்லு மாதிரி இறுகிப் போயிருக்கும், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கம்மி விலைதான், மெக்கானிக்க வச்சு மாத்திக்கலாம்.

நிக்கறப்போ மட்டும் தடக்னு ஒரு உதறல்

கம்ப்ரஸர் கூண்டுக்குள்ள மோட்டார் ஸ்பிரிங் மேல உக்காந்திருக்கு, ஓட்டம் நிக்கறப்போ ஒரு குலுங்கு குலுங்கும். லேசா இருந்தா விடுங்க. ஃப்ரிட்ஜே ஆடற அளவுக்கு இருந்தா மேல சொன்ன லெவலும் புஷ்ஷும்தான் பாக்கணும்.

டக்... உம்ம்ம்... டக், திரும்ப கொஞ்ச நேரம் கழிச்சு டக்

இத மட்டும் தள்ளிப் போடாதீங்க. மோட்டார் ஸ்டார்ட் ஆக முயற்சி பண்ணுது, முடியல, சூடாகி ஓவர்லோட் (மோட்டார் ரொம்ப சூடானா கரண்ட நிறுத்தற சின்ன பார்ட்) கட் பண்ணுது, ஆறினதும் திரும்ப முயற்சி பண்ணுது. இப்படியே விட்டா ஒயிண்டிங், அதாவது மோட்டாருக்குள்ள சுத்தியிருக்கற கம்பி, எரிஞ்சு போக வாய்ப்பிருக்கு. உடனே ஆஃப் பண்ணுங்க.

கரண்ட் போய் பொசுக்குன்னு வந்த உடனே இப்படி ஆச்சுன்னா காரணம் வேற, ஓடிட்டு இருந்த கம்ப்ரஸர்ல ஒரு பக்கம் பிரஷர் அதிகமா தேங்கி நிக்கும், அது சமமாக அஞ்சு நிமிஷமாவது வேணும், அதுக்குள்ள கரண்ட் வந்தா மோட்டாரால தள்ள முடியாது. அஞ்சு பத்து நிமிஷம் ஆஃப்ல வச்சுட்டு போடுங்க, சரியாயிடும். அடிக்கடி கரண்ட் போற ஏரியான்னா டைம் டிலே உள்ள, அதாவது கரண்ட் வந்து கொஞ்ச நேரம் கழிச்சே ஃப்ரிட்ஜுக்கு விடற, ஸ்டெபிலைசர் வாங்குங்க.

கரண்ட் போகாமலே இப்படி பண்ணுதுன்னா வோல்டேஜ பாருங்க. 230 இருக்கணும், ஏப்ரல் மே ராத்திரியில தெருவே ஏசி போடறப்போ 180க்கு கீழ எறங்கினா பழைய கம்ப்ரஸர்லாம் திணறும். வோல்டேஜும் சரியா இருந்தா கம்ப்ரஸர் பக்கவாட்டுல இருக்கற, மோட்டார ஸ்டார்ட் பண்ணி விடற ரிலே போயிருக்க வாய்ப்பு அதிகம். மெக்கானிக் அத கழட்டி காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாப்பார், உள்ள கலகலன்னு கேட்டா வில்லை உடைஞ்சிருக்குன்னு அர்த்தம், புதுசு சில நூறு ரூபாதான். "கம்ப்ரஸர் போச்சு"ன்னு யாராவது சொன்னா "முதல்ல ரிலேவும் ஓவர்லோடும் மாத்திப் பாத்தீங்களா"ன்னு தைரியமா கேளுங்க.

இன்னொண்ணு, டக் டக்னு கேக்கறது ஃப்ரிட்ஜ்தானான்னும் பாத்துக்கோங்க. வோல்டேஜ் ஏறி எறங்கறப்போ ஸ்டெபிலைசரும் டக் டக்னுதான் மாறும், அது அதோட வேலை.

ஃபிரீசர்ல கிர்ர் கிர்ர்னு உரசுது, கதவத் திறந்தா நின்னுடுது

இது ஃப்ராஸ்ட் ஃப்ரீ டபுள் டோர்ல வர்றது. கதவத் திறந்ததும் ஃபேன் நிக்கும், அதனாலதான் சத்தமும் நிக்குது. உறுதி பண்ணிக்க, கதவு ஓரத்துல ஒரு சின்ன பட்டன் சுவிட்ச் இருக்கும், கதவு திறந்திருக்கும்போதே அத விரலால அமுக்கிப் பிடிங்க, ஃபேன் சுத்த ஆரம்பிச்சு கிர்ர்னு திரும்ப கேக்கும். சில மாடல்ல சுவிட்ச் வெளிய தெரியாது, அங்க கதவ மூடிட்டு காத வச்சுதான் கேக்கணும்.

பேனலுக்குப் பின்னாடி ஐஸ் வளந்து ஃபேன் இறக்கையத் தொடுது, இதுதான் விஷயம். கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதையும் வச்சு குத்தாதீங்க, உள்ள அலுமினிய குழாய் இருக்கு. இப்ப வர்ற ஃப்ரிட்ஜ்ல பெரும்பாலும் ஆர்-600ஏ கேஸ்தான், பின்னாடி ஸ்டிக்கர்ல போட்டிருக்கும், அது தீப்பிடிக்கற கேஸ். ஒரு ஓட்டை விழுந்தா ஃப்ரிட்ஜ் மட்டும் போற விஷயம் இல்ல. பொருளையெல்லாம் எடுத்துட்டு, பிளக்க பிடுங்கி, ரெண்டு கதவையும் திறந்து வச்சு, கீழ பழைய துண்டு விரிச்சு, ஒரு டேபிள் ஃபேன ஃபிரீசரப் பாத்து வைங்க. காலையில வச்சா சாயங்காலத்துக்குள்ள வெளிய தெரியற ஐஸ் உருகிடும், ஆனா பேனலுக்குப் பின்னாடி இருக்கறது மெதுவாதான் உருகும், முடிஞ்சா ஒரு ராத்திரி முழுக்க விடுங்க. டிரே நிரம்பி வழியும், நடுவுல போய் பாத்துக்கோங்க.

திரும்ப போட்டதும் சத்தம் போயிடும். முக்கியமானது அதுக்கப்புறம்தான், ஐஸ் ஏன் வளந்துச்சு? கதவு சரியா மூடாம ஈரக்காத்து உள்ள போறது ஒரு காரணம், சென்னை, தூத்துக்குடின்னு கடலோர ஊர்ல இது இன்னும் ஜாஸ்தி. ஒரு பத்து ரூபா நோட்ட கதவு ரப்பர்ல வச்சு மூடி இழுங்க, இழுக்க கொஞ்சம் பிடிமானம் இருக்கணும், வழுக்கிட்டு வந்தா அந்த இடத்துல ரப்பர் பிடிக்கல. கதவ சுத்தி நாலு பக்கமும் இத பண்ணிப் பாருங்க. ரப்பர் மடிப்புல கருப்பா பூஞ்சை, தோசை மாவு காஞ்சது எல்லாம் ஒட்டியிருக்கும், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில பழைய பிரஷ் வச்சு தேச்சு துடைச்சாலே நிறைய சமயம் திரும்ப பிடிக்கும். கிழிஞ்சிருந்தா மாத்தித்தான் ஆகணும்.

ரப்பர் நல்லா இருந்தும் ஒண்ணு ரெண்டு வாரத்துல திரும்ப கிர்ர்னு ஆரம்பிச்சா தானா ஐஸ் உருக்கற செட்டப்பு வேலை செய்யல. ஹீட்டர், சென்சார், தெர்மல் ஃபியூஸ், டைமர் இல்லன்னா போர்டு, இதுல ஏதோ ஒண்ணு. மெக்கானிக்குக்கு போன் பண்றப்போ "சத்தம் வருது"ன்னு சொல்லாதீங்க, "டீஃப்ராஸ்ட் ஆகல, ஐஸ் ஃபேன்ல உரசுது, கையால உருக்கினா ரெண்டு வாரம் நல்லா ஓடுது"ன்னு சொல்லுங்க, அவர் சரியான பார்ட்டோட வருவார்.

ஐஸே இல்லாம ஃபேன் கீச் கீச்னு கத்தினா பேரிங் தேஞ்சிருக்கு, ஃபேன் மோட்டார் மாத்தணும். எண்ணெய் விட்டா கொஞ்ச நாள்தான் தாங்கும், குளிர்ல எண்ணெய் இறுகிடும்.

களக் களக், டப், ஸ்ஸ்ஸ்

பயப்படவே வேண்டாம். களக் களக்னு தண்ணி கொதிக்கற சத்தம் குழாய்ல கேஸ் ஓடறது, மோட்டார் நின்ன அப்புறமும் கொஞ்ச நேரம் கேக்கும். ராத்திரியில டப்னு வெடிக்கறது பிளாஸ்டிக் சூட்டுலயும் குளிர்லயும் விரிஞ்சு சுருங்கறது. ஸ்ஸ்னு கேக்கறது உருகின தண்ணி சொட்டு ஹீட்டர்ல விழறது. எதையும் கழட்டாதீங்க.

சத்தம் மாறல, ஆனா நிக்கவே மாட்டேங்குது

முதல்ல உங்களோடது இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் மாடலான்னு பாருங்க. அது தேவைக்கு ஏத்த வேகத்துல ரொம்ப நேரம் ஓடிக்கிட்டேதான் இருக்கும், சத்தம் ஏறி எறங்கும், அது அப்படித்தான். சாதாரண கம்ப்ரஸர்னா விட்டு விட்டு ஓடணும். நிக்கலன்னா தெர்மோஸ்டாட் (குளிர கூட்டி குறைக்கற குமிழ்) ஃபுல்லா 7ல இருக்கா, சூடான சோத்த அப்படியே உள்ள வச்சாங்களா, பின்னாடி கருப்பு வலைல ஒட்டடை மூடியிருக்கா, இத பாருங்க. வலைய காஞ்ச பிரஷ்ல தட்டி விட்டா போதும். வலை இல்லாத மாடல்ல பக்கவாட்டு சுவரு சூடாகும், அங்க துணி கிணி தொங்க விடாதீங்க.

கரண்ட் போய் வீட்டு இன்வெர்ட்டர்ல ஓடறப்போ மட்டும் ஙொய்ய்ய்

ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல ஃப்ரிட்ஜ் ஓட்டினா மோட்டார் அப்படித்தான் கத்தும், சூடும் ஆகும். சைன் வேவ் இல்லன்னா ஃப்ரிட்ஜ அந்த லைன்லருந்து எடுத்துடுங்க, கதவ திறக்காம வச்சா நாலு மணி நேரம் குளிர் தாங்கும்.

வீடு மாத்தினதுலருந்து கம்ப்ரஸர்ல டங்கு டங்குன்னு இரும்பு அடிக்குது

வண்டியில படுக்க வச்சு கொண்டு வந்தா கம்ப்ரஸர் ஆயில் குழாய்க்குள்ள ஓடிடும். நேரா நிமித்தி ஒரு நாள் விட்டுட்டு போடுங்க. அப்பவும் கூண்டுக்குள்ளருந்து இரும்பு இடிக்கற சத்தம் வந்தா உள்ள ஸ்பிரிங் கழண்டோ உடைஞ்சோ இருக்கும், அத திறந்து சரி பண்ண முடியாது, இங்கதான் நெஜமாவே கம்ப்ரஸர் மாத்தணும். பில்ல தேடி எடுங்க, இப்ப நிறைய மாடலுக்கு கம்ப்ரஸர் வாரண்டி 10 வருஷம் தர்றாங்க, ஆனா அது பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும்தான், கேஸ், கூலி, வண்டிச் செலவு தனியா கேப்பாங்க, எவ்வளவுன்னு போன்லயே கேட்டு வச்சுக்கோங்க. சத்தத்தையும் ஒரு நிமிஷம் போன்ல ரெக்கார்டு பண்ணி வைங்க, ஏன்னா ஆள் வந்து நிக்கற அந்த நேரத்துல மோட்டார் பெரும்பாலும் ஆஃப்லதான் இருக்கும்.